அஃப்ஷீனின் சோதனை மடல்

மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் பகலெல்லாம் பில் போடும் மென்பொருளோடு மாரடிக்கும் அஃப்ஷீனுக்கு உயிரெல்லாம் வேறொன்றில். மின்மடல்களைப் பூட்டி அனுப்பும் இலவச மென்பொருள் அது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது, அதன் உள்வேலையை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். நாளை குவாண்டம் கணினி வந்தால் இன்றைய பூட்டெல்லாம் பல்லிளித்துவிடுமே! அதற்கும் அசையாத புதுப் பூட்டை அதில் சேர்க்கும் வேலையை அவளும் பூந்தமல்லி ராஷித்தும் ஒரு வருடமாகச் செய்துவந்தார்கள்.

வேலையோடு வேலையாகக் காதலும் வந்துவிட்டது. அவளுக்கு வந்தது உறுதி. அவனுக்கும் வந்ததா என்பதுதான் அவளைப் படுத்தி எடுத்தது.

தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா என்று பார்க்க ஒருநாள் ஏதோ எழுத உட்கார்ந்தவள், "ராஷித், என்னைக் கட்டிக்கிறீங்களா? எங்க ஊட்ல வந்து கேளுங்க" என்று எழுதி, சோதனைச் சாவியால் பூட்டிவிட்டாள். அனுப்பத்தான் தைரியமில்லை. மற்ற சோதனை மடல்களோடு போட்டு வைத்தாள்.

வேலை முடிந்த குஷியில் அந்த மடலை மறந்து, நேற்று எல்லாவற்றையும் மொத்தமாகப் பொதுத்தளத்தில் ஏற்றினாள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை மடலை ஏற்றினால் அதைத் திறக்கும் சாவியையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும், எவரும் திறந்து சரிபார்க்கத்தான். ஆக, எந்தக் கணினியாலும் உடைக்க முடியாத பூட்டைப் போட்டுவிட்டு, சாவியை ஊருக்கே விநியோகம் செய்திருந்தாள் மகராசி.

இன்று மாலை ரயில் ஆவடியைத் தாண்டும்போது போனைப் பார்த்தாள். பின்லாந்தில் இருக்கும் மென்பொருள் பொறுப்பாளர் தளத்தில் கேட்டிருந்தார்: "எல்லாம் சரியாகத் திறக்கிறது, அருமை. இந்தத் தமிழ் மடலில் என்ன எழுதியிருக்கிறது?"

அஃப்ஷீனுக்குக் குப்பென்று வியர்த்தது. வானிலை அறிக்கை என்று புளுகலாமா? அவள் தட்ட ஆரம்பிப்பதற்குள் அதன் கீழேயே ராஷித்தின் பதில் வந்து விழுந்தது.

"அது ஒரு கேள்வி. பதில்: சம்மதம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருகிறேன். மடலை நீக்க வேண்டாம், அப்படியே சேர்த்துவிடுங்கள்."

அவள் போட்ட கூச்சலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிரே காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த முனியம்மா, தினமும் அதே ரயிலில் வருபவள், பதறிவிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? வேற நல்ல வேலை எதுனா கெடச்சிச்சா?"

"மாப்பிள்ளை கெடச்சிட்டாருக்கா!" அஃப்ஷீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. என்னப் பெத்த அத்தாவுக்குத்தான் இன்னும் தெரியாது!"