புதைத்த வண்டிச் சக்கரம்

புதூருக்கு இந்தப் பக்கம், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கிறது. இறங்கி ஓரமாக நிற்கிறேன். போன வாரச் சுழல்காற்றில் இந்த ஊர்க் கூரைகள் பறந்துவிட்டன. ரோட்டோரம் ஒரு கணவனும் மனைவியும் புதுச் சுவர்மேல் பழைய தகரத்தைக் கட்டுகிறார்கள். வெடித்த கரிசல் மண்ணில் கயிறு கட்டும் முளைக்குச்சி நிற்காது. அதனால் உடைந்த வண்டியின் சக்கரத்தைக் குழியில் புதைத்து, தகரத்தின் கயிறுகளை அதில் சுற்றியிருக்கிறார்கள். இன்னும் முடிச்சுப் போடவில்லை.

பருத்திக்காட்டில் புழுதி சுழன்று எழுகிறது.

"அண்ணாச்சி, ஓடியாங்க! இந்தக் கயித்தைப் பிடிங்க!" ஒரு கயிற்றைப் பிடித்தபடி அந்தப் பெண் கத்துகிறாள்.

கூச்சத்தோடு போய் மற்றதைப் பிடிக்கிறேன்.

"விட்டுராதீங்க. இந்தத் தகரம் அடிச்சுத்தான் எங்க மாமனார் செத்தாவ."

காற்று மோதுகிறது. தகரம் ஒரு சாண் எழும்புகிறது. காலடியில் சக்கரம் அசைகிறது. தகரம் படீரென்று சுவரில் அமர்கிறது.

கண்டக்டர் விசில் அடிக்கிறார்.

"காத்து போயிட்டு, விடுங்க," என்கிறார் கணவர். என் விரல்கள் விரியவில்லை. "கூரைக்குப் பாரமா இங்கனயே தங்கிருவீயளோ?" என்று சிரித்தபடி அவரே பிரித்துவிடுகிறார்.

பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு செடிகூட ஆடவில்லை. அந்தப் பெண் தன் கயிற்றை இன்னும் விடவில்லை.