அவர் என்ன சொல்லிச் சத்தியம் செய்தார்?

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கடுதாசி எழுத உட்கார்ந்தால்கூட நலம் விசாரித்ததோடு கை நின்றுவிடும். படிப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் ஒன்றைச் சொல்ல வருகிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. தாள் என்பதால் கொஞ்சம் தைரியம். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது அறுபதுகளின் நடுவில், காரைக்குடியில். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புகுந்த வீடு பொன் வேலை செய்கிற வீடு. மாமனார் காலமாகிவிட்டார். வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார், பட்டறையைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் மெட்ராஸில் சட்டம் படித்துவிட்டு, தேவகோட்டையில் ஒரு பெரிய வக்கீலிடம் வேலை பழகிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் படிப்பு முடிந்தவுடன் வக்கீலாகிவிட முடியாது. ஒரு வருடம் சீனியரோடு கோர்ட்டுக்குப் போய்வந்து, அதற்குப் பிறகு இன்னொரு பரீட்சையும் எழுத வேண்டும்.

அந்த வீட்டுக்கு நான் போன புதிதில் ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று மூத்தார் சொன்னார். "சத்தியமா போட்டேன் அயித்தை" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார்தான் சொன்னார்: "போட்டேன்னு சொன்னாப் போதும்த்தா. நக்கிப் பாத்தாத் தெரியுது. அதுக்கு எதுக்குச் சத்தியம்?"

பிறகு என் வீட்டுக்காரர் விவரம் சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில், செய்துகொடுத்த ஒரு நகையில் செம்பு கூடுதலாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். தாத்தா காளி கோயிலில் போய், நான் கலக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் கலக்கவில்லைதான். ஆனால் பற்றவைப்பு வேலை பார்த்த பங்காளி கலந்திருக்கிறார். தாத்தாவுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஊதுகுழலைக் கீழே வைத்தவர் சாகிறவரை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததற்குத்தான் சத்தியம் செய்தோம் என்று நினைக்கிறோம், தெரியாததும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தியம் செய்வதில்லை. நகை வாங்க வருகிறவர்கள் சத்தியமாகச் சொல்லு என்று கேட்டால், உரைகல்லைத் தள்ளிவைத்து, உரசிப் பாத்துக்கங்க என்பதுதான் பதில்.

என் வீட்டுக்காரர் பரீட்சையில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். அடுத்து மெட்ராஸ் போய் வக்கீலாகப் பதிய வேண்டும் என்று அவர் சொன்னார். பதிவது எப்படி என்று மாமியார் கேட்டார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு எல்லாரும் நிற்போம், உறுதிமொழி எடுப்போம், கையெழுத்துப் போடுவோம் என்றார் இவர்.

உறுதிமொழி என்றால் என்ன என்றார் மாமியார்.

இவர் கொஞ்சம் விழுங்கி, "சத்தியம் மாதிரிம்மா" என்றார். கேசரி அப்படியே தட்டில் இருந்தது.

மாமியார் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அங்கே என்ன சொல்லிச் சத்தியம் செய்வாய், அதைச் சொல், கேட்டுவிட்டு யோசிக்கிறேன் என்றார். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இத்தனை புத்தகம் படித்து, இத்தனை பரீட்சை எழுதிய மனிதருக்கு, கடைசியில் தான் சொல்லப்போகிற வார்த்தை என்ன என்று தெரியவில்லை.

எனக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. கூச்சத்தை விட்டு அவரிடம் தனியாகக் கேட்டேன். அங்கே ஒருவர் வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம் என்றார். அவர் என்ன வாசித்தாலும் சொல்லிவிடுவீர்களா என்றேன். இது சீனியரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றார்.

சீனியரிடமும் கேட்டிருக்கிறார். அந்தப் பெரிய மனிதர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு எனக்குக் கழுத்துப்பட்டை ரொம்ப இறுக்கமா இருந்துச்சுப்பா. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு" என்றாராம். கோர்ட்டில் மற்ற வக்கீல்களிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருவர் சிரித்தார். ஒருவர், முன்னால் நின்றவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வாயை அசைத்தேன் என்றார். சொன்னது இன்னதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் சீனியரின் குமாஸ்தா ஏதோ கேஸ் கட்டுக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியார் அவரை விடவில்லை. அவரும் எல்லாம் தெரிந்தவர் போல வலது கையைத் தூக்கி, நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று கணீரென்று சொல்லிக் காட்டினார்.

"அப்பறம் எதுக்கு ரெண்டு பக்கமும் வக்கீலு நிக்கிறாக?" என்றார் மாமியார். "ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லுவாகன்னா அங்க சண்டையே இல்லையே."

குமாஸ்தா காப்பியைக் குடித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். அது கூண்டில் ஏறுகிற சாட்சி சொல்வது, வக்கீல் சொல்வது வேறு என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். அந்த வேறு என்னவென்று கேட்டதும் கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். போகாதே என்று தடுக்க மாட்டேன், படித்த படிப்பு வீணாகக் கூடாது. ஆனால் நீ என்ன சொன்னாய் என்று தெரிந்த பிறகுதான் நெற்றியில் திருநீறு பூசுவேன் என்றார். அவரும், அம்மா திருநீறு பூசாமல் அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை. அவர் சுபாவமே அப்படி. எனக்குத்தான் பகீரென்றது. பொன் நகை செய்யக் கட்டுப்பாடு போட்டுச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்து, பட்டறை படுத்துக் கிடந்த காலம் அது. வீடே இவரை நம்பித்தான் இருந்தது.

அப்போது மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீயும் கூடப் போ. நிண்டு காதால கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு."

மதுரையைத் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை. கடைக்காரரிடம் விலை கேட்கவே வெட்கப்படுகிறவள். இந்த வேலைக்கு என்னை ஏன் பிடித்தார் என்று ரயிலில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன்.

மெட்ராஸில் அந்தக் கூடத்தில் குடும்பத்தாரைப் பின்பக்கம் உட்காரச் சொன்னார்கள். முன்னால் ஒரே கறுப்பு. அதில் என் வீட்டுக்காரர் யார் என்றே முதலில் தெரியவில்லை. காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பயம் வந்தால் அவர் காது சிவந்துவிடும். ஒருவர் ஒரு தாளைப் பிரித்து இங்கிலீஷில் வாசித்தார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஒரே சத்தம். மேலே காற்றாடி கடகடவென்று ஓடியது. எனக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வேறு அழ ஆரம்பித்தது. கழுத்தை முன்னால் நீட்டி நீட்டிப் பார்த்தேன். லா என்ற வார்த்தையும் கோர்ட் என்ற வார்த்தையும் காதில் விழுந்தன. அவ்வளவுதான். அதற்குள் முடிந்துவிட்டது. வாசித்தவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்கு அழுகை முட்டியது. வெளியே வராந்தாவில் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் அங்கி போட்டு நின்றார். என் வயதுதான் இருக்கும். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேரே போய், "இப்ப உள்ள என்ன சொன்னீக?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். ஏன் கேட்கிறேன் என்று விசாரித்தார். நான் திக்கித் திணறி மாமியார் கதையைச் சொன்னேன். உடனே அவர் முகம் மாறியது. இருங்க, யோசிச்சுச் சொல்றேன் என்றார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பேன், கோர்ட்டின் மரியாதையைக் காப்பாற்றுவேன் என்று சொன்னோம் என்றார். பக்கத்தில் நின்ற ஒல்லியான ஒருவர், கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்றும் வந்ததே என்றார். அது உள்ளே வரவில்லை, பாடத்தில் வந்தது என்றார் இந்தப் பெண். தொடக்கத்தில் கடவுள் பெயர் வந்தது என்றார் அந்த ஒல்லியானவர். வரவேயில்லை என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார். வந்தது என்று மெதுவாகச் சொன்னார் என் வீட்டுக்காரர். உறுதிமொழி சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் நாலு பேருக்கும் நாலு விதமாக ஞாபகம். வக்கீல்கள் அல்லவா, வாதம் சூடாகவே நடந்தது.

கடைசியில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கேக்குற வரைக்கும் எனக்குப் பயமே வரலை. இப்பத்தான் வருது. உங்க மாமியார்கிட்ட இதைச் சொல்லுங்க" என்றார். அவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வருகையில், விடிந்து புதுக்கோட்டை தாண்டியதும் என் வீட்டுக்காரர் மெல்லப் பேச்செடுத்தார்.

"நீ அம்மாகிட்ட, எல்லாரும் கையெழுத்துத்தான் போட்டாகன்னு சொல்லிரேன். கையெழுத்தும் போட்டோம்ல. பொய் இல்லையே."

வாயில் வந்ததைச் சொன்னேன்: "நேத்துத்தான் வக்கீலானீக. அதுக்குள்ள சாட்சிக்குச் சொல்லிக் குடுக்குறீகளே."

அவர் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மாமியார் பட்டறையில் மூத்தாருக்கு அடுப்புக் கரி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லுத்தா" என்று என்னைப் பார்த்தார். மூத்தார் வேலையை நிறுத்திவிட்டார்.

சத்தியமா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"வாயத் தொறந்து சொன்னானா?"

"சொன்னாக அயித்தை. காது செவந்துருந்துச்சு."

"என்ன சொன்னான்?"

எனக்கு முழுதாகக் கேட்கவில்லை என்றேன். காற்றாடிச் சத்தம், குழந்தை அழுதது, நான் காதில் வாங்கிய இரண்டு வார்த்தை, வராந்தாவில் அவர்கள் போட்ட சண்டை, அந்தப் பெண் சொல்லி அனுப்பியது, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சாமி பேர் வந்ததா என்று கேட்டார் மாமியார். வந்ததென்று சிலர் சொன்னார்கள், வரவில்லை என்று சிலர் சொன்னார்கள் என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே, "வந்துச்சும்மா. நான் சொன்னேன்" என்றார்.

மாமியார் அடுப்பில் இன்னொரு கரியை எடுத்துப் போட்டார்.

"சரி, சொன்னது சொன்னதுதான்" என்றார் மாமியார். "இனி அது சத்தியமில்லடா, சரக்கு. தினமும் சாயங்காலம் கொண்டாந்து வையி. நான் உரசிப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து பூசினார். சொன்னபடியே, உயிரோடு இருந்தவரை சாயங்காலம் ஆனால் மகனை உட்காரவைத்து, இன்னைக்குக் கோர்ட்டுல என்ன சொன்னே என்று கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் இவர் சீக்கிரம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். சில நாள் தண்ணீர் வேண்டும் என்று என்னைக் கூப்பிடுவார். தண்ணீர் கேட்கிற நாளெல்லாம், உரசினால் நிற்காத ஏதோ ஒன்றைக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிடும்.

அந்த வாசகம் என்னவென்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. வயதாகியும் அந்த ஆசை போகவில்லை. பஸ்ஸில் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் கேட்கலாமா என்று வாய் துறுதுறுக்கும், கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னதை மாமியார் அப்படியே எடுத்துக்கொண்டார். உண்மையா என்று திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யார் என்னிடம் எது கேட்டாலும், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும்தான் சொல்ல வருகிறது.

மாமியார் திருநீறு பூசிய மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேவகோட்டை பஸ் ஏறினார். ஜட்ஜ் லீவு என்று மத்தியானச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.