நான் சொன்ன ரிப்பேர்

யுத்த காலம். அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளியே இறங்க முடியாத கொழும்பு. நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் தங்கி, கலாநிதிப் பட்டத்துக்காக, அதாவது பிஎச்.டி.க்காக, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெயின்ட் புகையைச் சுவாசிப்பவர்களின் உயிரணுக்களில் டீ.என்.ஏ எவ்வளவு உடைகிறது, உடைந்ததை உடம்பு எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, ஒட்டாமல் விட்டால் புற்றுநோய் ஆபத்து கூடுமா என்பதுதான் விஷயம். கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் நான் செய்தது, கொட்டாஞ்சேனையில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜுக்குப் போய், ஆளாளுக்குக் கெஞ்சிக் கொஞ்சம் இரத்தம் வாங்கி வருவது. ஊசி குத்தி இரத்தம் எடுக்க ஒரு தாதியும் என்னோடு வருவார். ஊசியைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும்.

அங்கே முதல் ஆளாகக் கையை நீட்டியவர் ஒரு இளம் பெயின்டர். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். டீ.என்.ஏ உடைந்த உயிரணுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வால்வெள்ளி மாதிரி வால் நீண்டிருக்கும். சில மணிநேரம் விட்டுப் பார்த்தபோது, மற்ற எல்லாரையும் விட அவருடைய வால்கள்தான் சீக்கிரம் சுருங்கின, அதாவது உடைந்தது சீக்கிரம் ஒட்டியது. நானே பரீட்சை பாஸ் பண்ணிய மாதிரி ஒரு சந்தோஷம். தனித்தனியாக முடிவு சொல்லக்கூடாது என்பது விதி. நான் சொன்னேன். கம்பிரஸர் இரைச்சலுக்கு மேலாகக் கத்திச் சொன்னேன்.

"தம்பி, இஞ்ச எல்லாரையும் விட உங்களுக்குத்தான் நல்லா ரிப்பேர் நடக்குது!"

"ரிப்பேரா?"

"ஓம், ஃபுல் ரிப்பேர்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து ஆய்வுகூட வாசலில் ஒரு பெண் குடையோடு நின்றார்.

"டீ.என்.ஏ பாக்கிற ஐயா நீங்கதானா?"

"ஓம்."

"நான் அந்தப் பெயின்டரக் கட்டிக்கப் போறவ. அவருக்கு உள்ள எல்லாம் ரிப்பேர்னு சொன்னீங்களாம். வேலைக்கும் போகல, கல்யாணமும் வேணாங்கிறாரு. ரிப்பேரான ஆளக் கட்டி நீ என்ன செய்யப் போறங்கிறாரு. எத்தன மாசம் இருப்பாரு, அதச் சொல்லுங்க."

அப்போதுதான் உறைத்தது. எனக்கு ரிப்பேர் என்றால் பழுதைத் திருத்துவது. அவர்கள் பேச்சில் ஃபேன் ரிப்பேர் என்றால் ஃபேன் சுற்றாது. விளக்கம் சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு எதுக்கு? வந்து அவர்கிட்ட சொல்லுங்க."

பஸ்ஸில் வழி நெடுகத் திட்டினார். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டார். என் சிங்களம் அந்தப் பெண் சொல்லும் அர்த்தத்தில் ரிப்பேர். இரத்தம், ஆள், உடைந்தது என்று எனக்குத் தெரிந்த மூன்று சொற்களையும் சொன்னேன். உடனே என்னைத் தனியாக நிற்கச் சொன்னார்கள்.

பஸ்ஸில் ஏறப்போன அந்தப் பெண் திரும்பி வந்தார். "அபே டொக்டர் மாத்தயா", எங்கள் டொக்டர் ஐயா, என்று தொடங்கிச் சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். நான் அப்போது எந்த வகை டொக்டரும் இல்லை. சிப்பாய் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பித் தந்தார்.

"என்ன சொன்னீங்கள்?"

"இந்த டொக்டர் ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லி என் கல்யாணத்தயே நிப்பாட்டிட்டாரு, சரிபண்ணக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்."

வீட்டில் பெயின்டர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் குந்தி, நிதானமாகச் சொன்னேன். டீ.என்.ஏ எல்லாருக்கும் தினமும் உடையும், உடம்பு திருத்திக்கொள்ளும், அவர் உடம்பு அதைக் கெட்டித்தனமாகச் செய்கிறது என்று. பெயின்ட் புகை கூடுதலாக உடைக்கும், மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது, சரியான மாஸ்க் வேண்டும் என்றும் சொன்னேன். யாருக்குக் கேன்சர் வரும், வராது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது என்பதையும் ஒளிக்கவில்லை.

"ஐயாவுக்கும் ஒடையுதா?"

"எனக்கும்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தாலே தெரியுது."

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கேட்டார்: "தினம் ஒடையுது, தினம் ஒட்டுது, சரி. அந்த ஒட்டுற வேல ஒருநாள் களைச்சுப் போனா?"

அந்தக் கேள்வியை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பொய் டொக்டருக்கு முன்வரிசையில் நாற்காலி.

அதற்குப் பிறகு நான் செய்த ஆராய்ச்சி முழுக்க அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பின்னால்தான். அரைகுறைப் பதில்கள் கொஞ்சம் கைவசம் உண்டு. ஆனால் யாரிடம் எந்த முடிவைச் சொன்னாலும், "விளங்கிச்சா?" என்று இப்போது நான் கேட்பதில்லை, "என்ன விளங்கிச்சு?" என்று கேட்டு, அவர்கள் வாயால் பதில் வரும்வரை எழும்புவதில்லை.