செல்லப்பாண்டியின் பெயரில் மூடப்பட்ட புகார்

செல்லப்பாண்டி இறந்துவிட்டார். மயிலாடும்பாறையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில், மின்கம்பத்தில், மின்சாரம் தாக்கி.

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஃபைபர் இணையம் கொண்டுவந்த டெக்னீசியன் அவர். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கடந்த செவ்வாய், காலை 10.20. எங்கள் தெருவில் இணைப்பு அறுந்தது. புகார் பதிந்தேன். "டெக்னீசியன் செல்லப்பாண்டி வருவார்" என்று நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

2. செவ்வாய், மாலை. மழை. அறுந்த இடம் மின்கம்பத்தின் உச்சியில். மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள் என்று அவர் அலுவலகத்தைக் கேட்டார். "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கவில்லை.

3. புதன், காலை 9.40. தனியாக ஏறினார். ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் தரப்படவில்லை.

4. புதன், காலை 10.14. எனக்குக் குறுஞ்செய்தி: "உங்கள் புகார் செல்லப்பாண்டியால் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அந்த நேரத்தில் அவர் உடல் சாலையோரத்தில், யாரோ விரித்த தார்ப்பாயில் கிடந்தது.

5. வியாழன். பிணவறை வாசலில் நிறுவனத்தின் மேலாளர் அவர் மனைவி ஈஸ்வரியிடம் சொன்னது: "அன்னைக்கு அவருக்கு டூட்டியே கிடையாதும்மா. அவராத்தான் ஏறியிருக்காரு."

ஈஸ்வரி அழவில்லை. "டூட்டி இல்லாதவுக எதுக்கு சார் ஒங்க கம்பெனி சட்டைய மாட்டிக்கிட்டுப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். மேலாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

செல்லப்பாண்டியை எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும்.

முதன்முதலாக எங்கள் ஊருக்குக் கேபிள் இழுத்து வந்தபோது, தென்னந்தோப்புக்கார அம்மாள் பஞ்சவர்ணம் வழிமறித்தார். "ஏலே, எம் மரத்துல இதைக் கட்டுனா குரும்பையெல்லாம் உதுந்துரும்லே!"

பாண்டி அசரவில்லை. "உதுந்தாச் சொல்லுத்தா. கேபிள் ஒட்டுற மெஷினு கையோடதேன் வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா ஒட்டித் தந்துர்றேன்."

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டார். அன்று ஏணியைப் பிடித்தவரும் அவரே...

என் வீட்டில் கண்ணாடி இழையை ஒட்டிய நாளில், மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தலைமுடியைவிட மெல்லிய இழை. பிறகு என்னைத் தயக்கத்துடன் பார்த்தார். "சார், கொஞ்சம் அங்கன தள்ளி நின்னு பேசுறீகளா? நீங்க பேசுற காத்துக்கே இது ஆடுது."

முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இத்தனை மரியாதையாக என் வாயை யாரும் மூடியதில்லை.

இனி, நான் எழுத விரும்பாத, ஆனால் எழுதியே ஆக வேண்டிய பகுதி.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் புகாரை முடிக்காவிட்டால் டெக்னீசியன் பெயரில் சிவப்புக் குறி விழும். மூன்று குறி விழுந்தால் ஏரியாவே கைமாறும். முடித்ததாகக் காட்ட, வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வரும் ஓடிபி வேண்டும். அதனால் வேலைக்கு முன்பே ஓடிபியை வாங்கிக்கொள்வது இங்கு எல்லோருக்கும் பழகிப்போன ஏற்பாடு.

செவ்வாய் மாலை பாண்டி அழைத்தார்.

"சார், ஓடிபிய மட்டும் இப்பச் சொல்லிருங்க. கரண்டை நிப்பாட்டுனதும் வந்து ஒட்டிக் குடுத்துர்றேன்."

"வேலை முடியாமல் அதைத் தருவது பொய்க் கையெழுத்துப் போடுவதற்குச் சமம், பாண்டி."

"ஊர்ல எல்லாரும் குடுத்துருவாக சார். நீங்க ஒருத்தருதேன்..." சிரித்தார். "சரிங்க சார். காலையில பத்து மணிக்குள்ள முடிச்சுட்டே வாங்கிக்கிர்றேன்."

முடிக்கத்தான் ஏறினார்.

என் பங்கு இது. அதற்கு ஆறுதல் சொல்லி யாரும் பின்னூட்டம் இட வேண்டாம்.

ஆனால் ஒன்று. அந்த ஓடிபியை நான் அவருக்கும் தரவில்லை, வேறு எவருக்கும் தரவில்லை. இருந்தும் கெடு முடிய ஆறு நிமிடம் இருக்கையில் புகார் மூடப்பட்டது. நான் போட மறுத்த பொய்க் கையெழுத்தை நிறுவனம் தானே போட்டுக்கொண்டது. அதுவும் இறந்தவரின் பெயரில்.

புதன்கிழமை 10.14க்கு வேலையை முடித்தவர், வியாழக்கிழமை அந்த வேலையிலேயே இல்லாதவர் ஆனார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

பணியில் இறந்தார் என்று எழுத்தில் இல்லாவிட்டால், ஈஸ்வரிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சட்டம் எதையும் தராது. அந்த ஒரு வரியைத்தான் நிறுவனம் தர மறுக்கிறது.

எங்கள் தெருவில் இணைப்பு இன்னும் அறுந்தே கிடக்கிறது. மயிலாடும்பாறை பேருந்து நிறுத்தத்தில் நின்று இதைப் பதிவிடுகிறேன்.

போய் வாருங்கள், பாண்டி. நல்ல வேலைக்காரர் நீங்கள்.

நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளருக்கு:

என் புகாரை 10.14க்கு மூடியவர் யார், யாருடைய ஓடிபியைக் கொண்டு? செல்லப்பாண்டி அன்று காலை உங்கள் பணியில் இருந்தாரா, இல்லையா?

அந்தக் குறுஞ்செய்திகள் இரண்டும் என்னிடம் உள்ளன. நகல்களை ஈஸ்வரி காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார்.

தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஆள் அனுப்பாதீர்கள். பதில் எழுத்தில், கையொப்பத்துடன், ஈஸ்வரியின் பெயருக்கு, வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.