எழுதாத கிளாஸை விற்ற கதை

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பன் சூடானால் ஒரு மை வாசனை வரும்... என் தொழிலின் முதல் வாசனை அதுதான்.

மேனாம்பேட்டில் வாடகைக்கு ஒரு அறை. கூட்டாளி யூசுப் ஜாவா லாங்குவேஜில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவான். நான் கடை கடையாக ஏறி இறங்கி விற்பேன். எனக்கு கோடிங் தெரியாது. வாய் உண்டு.

ஒவ்வொரு பிரிண்டர் மாடலுக்கும் அவன் தனியாக ஒரு கிளாஸ், அதாவது ஒரு புரோகிராம் துண்டு, எழுதி வைப்பான். கடையில் இருப்பது எந்த மாடலோ, அந்த கிளாஸின் பெயரை செட்டிங்ஸ் ஃபைலில் டைப் செய்தால் போதும். புரோகிராம் ஓடும்போது பெயரைப் படித்து, கிளாஸைத் தேடி எடுத்துக்கொள்ளும். இதைத்தான் ரிஃப்ளெக்‌ஷன் என்பான்.

ஆவடி மளிகைக்கடைதான் முதல் ஆர்டர். அது கைநழுவினால் யூசுப் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

கடையில் இருந்ததோ புது மாடல். அதற்கு யூசுப் இன்னும் கிளாஸ் எழுதவில்லை. நான் சரக்கு வரும் முன்பே போர்டு மாட்டுகிற ஆள்... ஃபைலில் பெயரை மட்டும் டைப் செய்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் எழுதி வாங்கிவிடலாம் என்று கணக்கு.

கடைக்காரர் மறுநாளே நல்ல நேரம் பார்த்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார். 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று நாலு வரி வந்து புரோகிராம் மூடிக்கொண்டது. கவுண்டரில் கூட்டம். என்னை வரவழைத்துவிட்டார். வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன்.

"பேர வெச்சிக்கினா புள்ள பொறந்துடுமா நைனா?"

போன் செய்ததும் யூசுப் லேப்டாப்போடு பஸ் ஏறி வந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எரரைப் பிடித்து, வெளியே தெரியாமல் அமுக்கிவிடேன் என்று காதோரம் சொன்னேன். மாட்டேன் என்றான். கிளாஸ் கிடைக்காவிட்டால் எந்தப் பிரிண்டரிலும் வருகிற சாதா பில்லுக்குப் போகும்படி மாற்றினான். கிடைக்காத பெயர் எது என்று ஸ்க்ரீனிலேயே காட்டவும் வைத்தான்.

"இல்லாதத இல்லன்னு சொல்லிடணும் மாமே. அதுக்கோசரம் கடைய இழுத்து மூடக்கூடாது."

பில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கடைக்காரர் முனகினார், ஆனால் சாஃப்ட்வேரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன்பின் சில வருஷம் சேர்ந்தே ஓட்டினோம். பிறகு அவனுக்குக் கல்யாணம், வெளிநாட்டு வேலை... சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.

இன்று அம்பத்தூரில் எனக்குச் சொந்த ஷோரூம். சாஃப்ட்வேர் ஆன்லைனில் வருகிறது. எரர் வந்தால் கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போடுகிறோம். மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வரும். வியாபாரத்துக்குக் குறைவில்லை.

இப்போதெல்லாம் கையில் இல்லாததை நான் விற்பதில்லை. திருந்திவிட்டேன் என்று இல்லை... நான் உளறிவைத்ததைக் காப்பாற்ற பஸ் ஏறி வருகிறவன் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.