உருண்டு போனால்தான் படம்

வெலின் பெர்னிக் ஊர்க்காரன். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் எவனும் சிரிக்க அது ஒன்றே போதும். பெர்னிக்காரன் கையில் ஆங்கிள் இரும்பு இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டான், சண்டை வந்தால் வாயால் பேசாமல் அதால் பேசுவான் என்று நாடு முழுக்கக் கேலி. வெலின் விஷயத்தில் அது பாதி உண்மையும்கூட. அவன் அப்பா உருக்காலையில் வேலை பார்த்தவர். பதினாறு வயதில் அவரை நச்சரித்து இரண்டு மீட்டர் ஆங்கிள் வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் திட்டின் விளிம்பில் பதித்தான். ஸ்கேட்போர்டு அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகவேண்டும், அதற்கு.

பதினேழில் அதே திட்டில் கணுக்கால் முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. சும்மா கிடந்த பலகையைச் சந்தையில் கொடுத்து ஒரு பழைய ஸெனித் கேமராவை வாங்கி வந்தான். ஓட்ட முடியாதவன், ஓட்டுகிறவர்களைப் படம் எடுக்க உட்கார்ந்தான். உட்கார்ந்தால் போதவில்லை. படுத்தான். படிக்கட்டின் அடியில் குப்புறப் படுத்து, பறந்து வருகிறவன் தன் தலைமேல் விழப்போகிற மாதிரி எடுப்பான். சில நாள் விழவும் செய்தார்கள். இரண்டு லென்சும் முன்பல் ஒன்றும் அப்படித்தான் போயின.

சோற்றுக்குச் சனிக்கிழமைகளில் கல்யாண வீடுகள். பழக்கதோஷம், அங்கேயும் படுத்துவிடுவான்.

"எம் பொண்ணு என்ன மேம்பாலமா? கீழ கெடந்து எடுக்கறே? எந்திரிய்யா மொதல்ல!" என்று ஒரு பெண்ணின் அம்மா பந்தல் அதிரக் கத்தியிருக்கிறாள்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒருவன் ஆகாயத்தில் எவ்வளவு அழகாகப் பறந்தாலும் சரி, கீழே இறங்கி, கையோ காலோ தரையில் படாமல், பலகைமேல் நின்றபடி உருண்டு போகவேண்டும். போனால்தான் அது படம். போகாவிட்டால் பிலிம் குப்பைக்கு. ஆகவே வெலின் பொத்தானை அழுத்திய கையோடு கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, இறங்குவதைத் தானே பார்ப்பான். யார் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டான். பதினான்கு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் நம்பினான்.

அப்போது அவனுக்கு முப்பத்தொன்று. வியன்னாவில் ஒரு ஸ்கேட்போர்டு பத்திரிகை. அதில் படம் தேர்வு செய்கிறவள் ருமியானா, அவளும் பல்கேரியப் பெண்தான். "நல்லதா ஒண்ணு அனுப்பு, அட்டையில போடறேன்" என்று சொல்லியிருந்தாள். பல்கேரியக்காரன் எடுத்த படம் அந்த அட்டையில் அதுவரை வந்ததில்லை. வெலினுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவன் க்ரூமைப் பிடித்தான். க்ரூம் சுவருக்குப் பூச்சுவேலை செய்கிறவன், இருபத்திரண்டு வயது, பயம் என்றால் என்னவென்று கேட்கிற ரகம். இடம், பழைய கலாச்சார மாளிகையின் பளிங்குப் படிகள். பதினான்கு படி. அத்தனையையும் ஒரே தாவலில் தாண்டவேண்டும். நடுவானில் பலகை காலடியில் ஒரு முழுச்சுற்று சுற்றவேண்டும். அங்கே காவலுக்கு மெதோதி என்ற கிழவர். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, பலகைக்காரன் எவன் வந்தாலும் துரத்துவார்.

ஞாயிறு மாலை, வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. க்ரூம் தாவினான். பலகை சுற்றியது. வெலின் பொத்தானை அழுத்தினான். படபடவென்று பிலிம் ஓடும்போதே பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. மேலே கிழவர் நிற்க, கீழே வந்து பிடித்தது அவருடைய கூட்டாளிக் காவல்காரன். வெலினால் இறங்கியதைப் பார்க்க முடியவில்லை.

"எறங்கிட்டேண்ணே! ஓடு!" என்று க்ரூமின் குரல்தான் கேட்டது. ஓடினார்கள்.

மறுநாள் லேபில் ஸ்லைடைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். க்ரூம் ஆகாயத்தில், காலடியில் பலகை. பின்னால் மெதோதி பதறி எழுந்திருக்கிறார், தொப்பி சாய்ந்திருக்கிறது, கையிலிருந்த பொட்டலம் சிதறி விதைகள் அத்தனையும் காற்றில் நிற்கின்றன. வாழ்நாளில் இப்படி ஒன்றுதான் விழும். அதை மட்டும் வெட்டி உறையில் போட்டு, வியன்னா பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினான். மிச்சப் பிலிம் சட்டைப்பையில்.

செவ்வாய்க்கிழமை அந்த மிச்சத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். காலரைப் பிடித்து இழுத்தபோதும் விரல் பொத்தானிலேயே இருந்ததால், இறங்கியதும் கோணலாகப் பதிவாகியிருந்தது. பார்த்துவிட்டு நேரே க்ரூம் வேலைசெய்யும் கட்டடத்துக்குப் போனான்.

"டேய், இது யாரு காலு?"

"எந்தக் காலுண்ணே?"

"ஒனக்கு எத்தன காலு இருக்கு? பலகைக்கு வெளிய, பளிங்கு மேல நிக்குதே, அந்தக் காலு."

க்ரூம் கரண்டியைக் கீழே வைத்தான். "நுனிவெரல்ண்ணே. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள மேல ஏறிட்டேன். அதப் போயி யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும். ரெண்டு பேரு ஆச்சா?"

"அட்டைண்ணே! அட்டையில என் மூஞ்சி வரும். எங்கம்மா இன்னும் என்னைய வெட்டிப்பயன்னுதான் சொல்லுது."

"அட்டையில பொய் வந்தா அம்மா வாயி மூடிக்குமா? நாளைக்குப் பலகையத் தூக்கிட்டு வா."

அங்கிருந்தே ருமியானாவுக்கு போன் போட்டான்.

"பைத்தியம் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்று அவள் கத்தியது க்ரூமுக்கே கேட்டது. "அட்டை ரெடி. ஆபீஸ் பூரா வாயப் பொளந்துட்டு நிக்குது. அவன் எறங்கினானா இல்லையான்னு படத்துல தெரியவே தெரியாது."

"தெரியாதுங்கறதாலதான் நான் சொல்றேன். எடுத்துரு."

அவள் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "வெள்ளிக்கெழம மத்தியானம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள வேற கொடு. இல்ல, பார்சிலோனாக்காரன் படத்தப் போட்டுருவேன், அப்புறம் மூக்கச் சிந்தக்கூடாது."

புதன்கிழமை போனால், எவனும் வந்து இறங்க முடியாதபடி படிகளுக்குக் கீழே நான்கு சிமெண்ட் பூத்தொட்டிகள். மெதோதி அவற்றின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஞாயித்துக்கெழம எங்கள வெரட்டினீங்களே..."

"வெரட்டினேனா? கையில ஆப்புடலியேன்னு மூணு நாளா வயிறெரிஞ்சுட்டிருக்கேன்!"

"அவன் அன்னிக்கி ஒழுங்கா எறங்கல. அதான் மறுபடி வந்தோம்."

கிழவர் விதை கொறிப்பதை நிறுத்தினார். "தப்பாப் போச்சுன்னு சொல்லவா வந்தே? எந்த ஊருடா நீ?"

"பெர்னிக்."

"ஆங்கிள் கொண்டாந்திருக்கியா?"

"இல்ல மாமா. இதத்தான் கொண்டாந்தேன்." லேபில் அவசரமாகப் போட்டு வைத்திருந்த நகலை நீட்டினான்.

மெதோதி அதை முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "தொப்பி கோணலா இருக்கே" என்றார். பிறகு, "அஞ்சு மணிக்கு மேலாளர் கெளம்புவாரு. அப்புறம் ஒரு மணி நேரம். பளிங்கு ஒடஞ்சுது, ஒங்க ரெண்டு பேரையும் இந்தத் தொட்டியில நட்டுருவேன்."

தொட்டிகளை மூவருமாக நகர்த்தினார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது, வெயில் துளியும் இல்லை. க்ரூம் தாவினான், விழுந்தான். முழங்கை தேய்ந்தது. மறுபடி விழுந்தான். கிழவர் உமியைத் துப்பியபடி, "பதினொண்ணு... பன்னெண்டு... அட, நீ பூசற சுவரும் இப்படித்தான் விழுமாடா?" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது தடவை வெலின் பொத்தானை அழுத்திக் கண்ணை எடுத்தான். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பளிங்கில் மோதின. க்ரூம் முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, உருண்டு, தெருவரைக்கும் போய்த்தான் நின்றான்.

படம் மறுநாள் பஸ் ஏறியது. சுமாரான படம். வெளிச்சம் சாம்பல். மேலே மெதோதி, தொப்பியை நேராக்கி, பொத்தானெல்லாம் பூட்டி, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அட்டை பார்சிலோனாக்காரனுக்குப் போனது. வெலினுக்கு உள்ளே அரைப் பக்கம். க்ரூம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் காட்டப் போனான். ருமியானா அதற்குப் பிறகு வெலினிடம் "எறங்கினானா?" என்று கேட்டதே இல்லை. மற்ற எல்லோரிடமும் ஆதாரத்துக்கு வீடியோ கேட்பாள். மூன்றாம் வருடம் அவன் படம் அட்டையில் வந்தது. பிறகு இன்னும் நான்கு வந்தன.

ஆனாலும் அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அச்சில் இல்லை. மெதோதியின் காவல் கூண்டில், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கிழவரே கேட்டு வாங்கினார். நின்று பார்க்கிறவர்களிடம் முதலில் காற்றில் நிற்கும் விதைகளைக் காட்டுவார். அப்புறம் க்ரூமின் மேல் விரலை வைத்து, "இந்தப் பய இதுல எறங்கல, காலு பட்டுருச்சு. எறங்கினது வேற படம். அதுல நான் ஒழுங்கா நிப்பேன்" என்பார்.