பிளேட்லெட் குறைந்தது குழாயில்தான்

விருதுநகரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பிரௌசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று எனக்கு மகள் பிறந்திருக்கிறாள்!

(போட்டோ ஏற்றப் பார்த்தேன். பாதியில் நின்றது. நெட்டுக்கும் பிரசவ வலி போல.)

முந்தாநாள் காலையில் நான் இருந்த நிலைமை வேறு.

மறுநாள் மனைவி செல்விக்கு சிசேரியன் என்று முடிவாகி, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் மிகவும் குறைவு. காயத்தை அடைத்து ரத்தத்தை நிறுத்துகிற அணுக்கள் அவைதான்.

இந்த அளவில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, மதுரைக்குக் கூட்டிப் போங்கள், ரத்தம் கொடுக்க ஆள் தயார் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா.

சிவகாசியில் நான் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் தாயில்பட்டி கருப்பசாமிக்கு போன் போட்டேன். விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"ஏலே, பதறாத. எம்புட்டு ஆளு வேணும்னு மட்டும் சொல்லு."

மாமியார் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் கார் தேடி ஓடினேன்.

கார் வருவதற்குள் டாக்டரம்மா செல்வியை இன்னொரு முறை பார்த்தார். தோலில் சிவப்புப் புள்ளி எதுவும் இல்லை. ஈறிலும் ரத்தம் இல்லை. கட்டைவிரலில் மட்டும் ஒரு புதுக் கீறல். அது என்ன என்று கேட்டார்.

"காலையில கொய்யாப்பழம் நறுக்கையில கத்தி பட்டுருச்சு டாக்டர். செத்த நேரம் அமுக்கிப் பிடிச்சேன், நின்னுருச்சு."

டாக்டரம்மா அந்தக் கீறலை உற்றுப் பார்த்தார். நேராக லேபுக்குப் போய், செல்வியின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் அவரே பார்த்தார்.

திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு.

பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கின்றனவாம். மெஷினால் அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியவில்லையாம்.

காயம் பட்ட இடத்தில் முதலில் ஒட்டுகிற பிளேட்லெட் ஒரு ரசாயனத்தை வெளியே விடுமாம். அது பட்டதும் பக்கத்தில் போகிறவையும் விழித்துக்கொண்டு, வடிவம் மாறி, வந்து ஒட்டி அடைக்குமாம். செல்வியின் விரலில் நடந்தது அதுதான்.

குழாயில் நடந்தது வேறு. ரத்தம் உறையாமல் இருக்க அதில் ஒரு மருந்து போட்டிருப்பார்கள். வெகு சிலருடைய ரத்தத்தில் அந்த மருந்து சேர்ந்தால், காயமே இல்லாமல் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். உடம்புக்குள் ஒரு கோளாறும் கிடையாதாம்.

வேறு மருந்து போட்ட நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது.

செல்வி என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீகளா?" என்றாள்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் லோடு வேன் வந்து நின்றது. உள்ளே கருப்பசாமியும் அவன் தெரு ஆட்களும். பட்டாசு சீசன் நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ரத்தம் வேண்டியதில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வேண்டாம்னா நல்லதுதானலே. நாளைக்கு வந்து பிள்ளையப் பார்த்துக்கிடுதோம்" என்றான் கருப்பசாமி.

சொன்னபடி நேற்று மறுபடியும் வந்தார்கள். அத்தனை பேருக்கும் நன்றி. டாக்டரம்மாவுக்குத் தனியாக.

பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. வேனில் வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எல்லாப் பெயருக்கும் ஒரே மாதிரி தூங்கினாள்.

நீங்களும் ஒன்று சொல்லுங்களேன்?